ஏற்ற உயரம்

நுழையும் முன்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்றனர். தினைப்புனமும் தேனடையும் அருவியும் நிறைந்த அம்மலைகள் பனி மூடாதவை. இமயமலையின் இயல்பு வேறு. அங்கே செல்வோர் அவ்வியல்பை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். விடுமுறையில் இமயமலைக்குச் செல்ல விரும்பும் மாணவர், தம் பட்டறிவுக்கு ஏற்ற மலையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. கால்வலிமை மட்டும் போதுமா?

கோவைக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஓர் இரவில் ஏறும் அடியவர் பலர். மும்பையிலும் புனேயிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் சிலர், மகாராட்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கல்சுபாய்க்கு ஒரு நாள் பயணமாகச் சென்று வருவர். அதன் உயரம் 1,646 மீட்டர். இத்தகைய மலைகளில் ஏறிப் பழகியவரின் கால்கள் வலியவை. மூச்சும் எளிதில் இரைக்காது. அவர் நேரே இமயமலைக்குச் சென்று 5,000 மீட்டர் உயரத்தை எட்டிவிடலாமா?

கூடாது என்பதே மலை நூலறிஞரின் விடை. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. தென்னிந்தியாவிலேயே மிக உயர்ந்த ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். உதகமண்டலத்தில் உறங்குபவர் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உறங்குகிறார். உயரத்தால் உண்டாகும் நோயோ பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டத் தொடங்கும். ஆகவே, தென்னாட்டு மலைகளில் எத்தனை முறை ஏறி இறங்கியவராயினும், உயரத்தைப் பொறுத்தவரை அவர் இமயத்தின் வாயிலில் முதல் வகுப்பு மாணவரே ஆவார்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. அது ஆற்றுக்கு மட்டும் உரியதன்று, மலைக்கும் பொருந்தும்.

2. காற்றும் உடலும்

உயரே செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிஜனின் விழுக்காடு குறைகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கடற்கரையிலும் எவரெஸ்டின் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறைந்தால் காற்று அடர்த்தி குன்றும். ஒரு மூச்சில் உள்ளே செல்லும் ஆக்சிஜனின் அளவும் குறையும். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. 5,500 மீட்டரில் ஏறத்தாழ பாதி. எவரெஸ்டின் உச்சியிலோ மூன்றில் ஒரு பங்கு.

இக்குறையை ஈடுகட்ட உடல் பல வேலைகளைச் செய்கிறது. முதலில் மூச்சு விரைவாகிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு மிகும்போது குருதியிலிருந்து கரியமில வாயு மிகுதியாக வெளியேறும். அதனால் குருதியின் அமில காரச் சமநிலை மாறும். அதைச் சீராக்கும் பணியைச் சிறுநீரகங்கள் ஏற்கின்றன. இப்பணி ஓரிரு மணி நேரத்தில் முடிவதன்று. சில நாள்கள் ஆகும். மலையில் சிறுநீர் மிகுதியாகக் கழிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் பின்னர், ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இவ்வாறு உடல் மெல்ல மெல்ல உயரத்திற்குப் பழகுவதையே 'உயரப் பழக்கம்' என்கிறோம்.

இங்கே கருத வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஓட்டப்பந்தயத்தில் முதலிடம் பெறும் மாணவியின் உடலும், விளையாட்டில் நாட்டமில்லாத மாணவனின் உடலும் உயரத்திற்குப் பழக நாள்களையே கேட்கின்றன. உடற்பயிற்சி நடையை எளிதாக்கும். உயர நோயைத் தடுக்காது. சொல்லப்போனால், வலிமை மிக்கவர் விரைந்து ஏறிவிடுவதால் அவருக்கு நோய் வரும் வாய்ப்பு மிகுவதும் உண்டு.

3. மலை தரும் எச்சரிக்கை

உடல் பழகுவதற்கு முன் மேலே சென்றால் உயர நோய் தோன்றும். அது மூன்று வடிவங்களில் வரும்.

முதலாவது, எளிய உயர நோய். புதிய உயரத்தை அடைந்த சில மணி நேரத்திற்குப் பின் தலைவலி தோன்றும். அதனுடன் குமட்டல், பசியின்மை, களைப்பு, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ சேரும், உறக்கமும் கெடும். அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் இது நீங்கிவிடும்.

இரண்டாவது, நுரையீரலில் நீர் கோத்தல். சும்மா அமர்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது இதன் அடையாளம். இருமல் வரும், முற்றினால் சளி நுரையாகி இளஞ்சிவப்பாகும்.

மூன்றாவது, மூளை வீக்கம். பேச்சும் நினைவும் குழறும், நடை தள்ளாடும். ஒரு காலின் குதிகாலை மற்றொரு காலின் விரல்நுனியை ஒட்டி வைத்து, ஒரே நேர்கோட்டில் நடக்கச் சொல்வர். தள்ளாடாமல் நடக்க இயலாதவர் பேரிடரில் இருக்கிறார் என்று பொருள்.

பின்னிரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை. அவற்றுக்குரிய முதல் மருந்து இறக்கம். இரவாயினும், மழையாயினும், சிகரம் கண்ணெதிரே நின்றாலும், நோயுற்றவரை உடனே துணையுடன் கீழே கொண்டுசெல்ல வேண்டும். மாத்திரைகளும் ஆக்சிஜன் உருளையும் துணை செய்யலாம். இறக்கத்துக்கு அவை மாற்றாகா. மருந்து எதுவாயினும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

சிறுவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைவலி என்று சொன்னால் கீழே அனுப்பிவிடுவார்களே, நண்பர்கள் நகைப்பார்களே என்று அஞ்சி அதை மறைத்துவிடுவர். மலையில் இம்மறைப்பு உயிருக்கே தீங்காகலாம். உயரத்தில் தோன்றும் தலைவலியை, வேறு காரணம் தெளிவாகத் தெரியும்வரை உயர நோய் என்றே கொள்ள வேண்டும். அறிகுறி இருக்கும்போது மேலும் ஏறக் கூடாது. அது மிகுந்தால் இறங்கிவிட வேண்டும்.

4. உறங்கும் உயரம்

ஒரு மலைப்பயணம் தமக்கு ஏற்றதா என்று அறிய விரும்புவோர் முதலில் சிகரத்தின் உயரத்தைப் பார்க்கின்றனர். அதைவிட முதன்மையானது, ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரம். உறக்கத்தில் மூச்சு மெலிவதால் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் பகலைவிட இரவில் குறையும். பகலில் உயரே சென்று சில நிமிடம் நின்றுவிட்டு இறங்குபவரைவிட, அவ்வுயரத்தில் இரவு முழுவதும் தங்குபவருக்கே இடர் மிகுதி.

எனவே மலை மருத்துவர் ஓர் எளிய விதியை வகுத்துள்ளனர்: 3,000 மீட்டருக்கு மேல், இன்றிரவு உறங்கும் உயரம் நேற்றிரவு உறங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை, உறங்கும் உயரத்தைக் கூட்டாமல் ஒரு நாளைக் கழிக்க வேண்டும்.

உத்தராகண்டில் உள்ள ஹேம்குண்ட் சாகிப் என்னும் சீக்கியத் திருத்தலம் 4,000 மீட்டருக்கு மேல் அமைந்தது. அங்கே செல்வோர் ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் உள்ள காங்கரியாவில் தங்குகின்றனர். காலையில் ஏறி, வழிபட்டு, மாலைக்குள் காங்கரியாவுக்கே திரும்பிவிடுகின்றனர். உயரே ஏறித் தாழ உறங்கும் இம்முறை உடலுக்கு உகந்தது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. லடாக்கின் தலைநகரான லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. டெல்லியோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 215 மீட்டர் உயரத்தில் உள்ளது. வானூர்தி இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட உயரத்தை ஒன்றரை மணி நேர அளவில் கடந்துவிடுகிறது. உடலுக்கு அந்நேரம் போதாது. ஆதலால் லே சென்று சேர்வோர் முதல் இரண்டு நாள்கள் ஓய்வெடுத்து, அதன் பின்னரே மலைப்பயணம் தொடங்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகின்றனர்.

5. நான்கு படிகள்

பயணத்தை அறிவிப்போர் தம் ஏடுகளில் 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று குறிப்பர். இச்சொற்களுக்கு எல்லாரும் ஒப்பிய அளவுகோல் இல்லை. ஒருவர் எளிது என்பதை மற்றொருவர் நடுத்தரம் என்பார். ஆகவே சொல்லை விடுத்து, உயரத்தையும் நாள்களையும் எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமை. இமயமலைப் பயணங்களைக் கீழ்வருமாறு நான்கு படிகளாகக் கொள்ளலாம்.

முதற்படி: உயரத்திற்குப் புதியவர் இப்படியில் தொடங்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலாவுக்கு மேலே உள்ள திரியுண்டு, ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரமுள்ள புல்வெளி. ஒரே நாளில் ஏறி இறங்கலாம். உத்தராகண்டில் மசூரிக்கு அப்பாலுள்ள நாக் திப்பா 3,022 மீட்டர் உயரமுடையது. டெல்லியில் வாழ்வோர்க்கு அண்மையானது. கிழக்கே வாழ்வோர்க்கு மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடமாகிய சந்தக்பூ உண்டு. அதன் உயரம் 3,636 மீட்டர். ஏறத்தாழ 2,150 மீட்டரில் உள்ள மானேபஞ்சனில் தொடங்குவோர், 3,000 மீட்டரை ஒட்டிய தும்லிங்கிலும், அதற்குச் சற்று மேலுள்ள காலிபொக்ரியிலும் உறங்கி, அதன் பின்னரே சந்தக்பூவை அடைகின்றனர். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு ஆகிய நான்கு பெருஞ்சிகரங்களும் அங்கிருந்து தோன்றும். சந்தக்பூ வரை ஊர்திச் சாலையும் இருப்பதால், நோயுற்றவரை விரைந்து இறக்க இயலும். ஆனால் அச்சாலையிலேயே ஓர் இடரும் மறைந்துள்ளது. சமவெளியிலிருந்து வந்த நாளிலேயே ஊர்தியில் ஏறி உச்சியில் தங்குவோர்க்கு, உடல் பழகும் நாள்கள் கிடைப்பதில்லை.

இரண்டாம் படி: 3,000 மீட்டருக்கு மேல் இரண்டு மூன்று இரவுகள் நலமாக உறங்கியவரும், தொடர்ந்து நான்கைந்து நாள் நடக்க வல்லவரும் இப்படிக்கு உரியவர். குல்லூப் பள்ளத்தாக்கையும் லாகூலையும் இணைக்கும் ஹம்தா கணவாய் இதற்குத் தக்க சான்று. அதன் உயரம் 4,270 மீட்டர். இப்பக்கம் பசும்புல்லும் காடும். அப்பக்கம் மரமற்ற வறண்ட மலை. இரண்டு உலகங்களை ஒரே நாளில் காணலாம். வழியில் பனியுருகி ஓடும் குளிர்ந்த ஓடைகளைக் கடக்க வேண்டும். சிகரத்துக்கும் கணவாய்க்கும் உள்ள வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். சிகரத்தில் ஏறியவர் வந்த வழியே திரும்புவார். கணவாயைக் கடந்தவரோ மறுபுறம் இறங்கியாக வேண்டும். நடுவில் நோயுற்றால் திரும்புவது கடினம்.

மூன்றாம் படி: 4,000 மீட்டருக்கு மேல் சென்று, அங்கே தம் உடல் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று அறிந்தவர்க்கு உரியது இப்படி. சிக்கிமின் கோயேச்சாலா 4,940 மீட்டர் உயரமுடையது. பயணம் ஏறத்தாழ 1,780 மீட்டரில் உள்ள யுக்சோமில் தொடங்கும். 3,000 மீட்டரை ஒட்டிய சோக்காவுக்கும் 4,000 மீட்டரை ஒட்டிய சோங்ரிக்கும் இடையே ஒரே நாளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டியுள்ளது. மேலே கூறிய 500 மீட்டர் விதி இங்கே மீறப்படுகிறது. அதனால்தான் நல்ல வழிகாட்டிகள் சோக்காவிலோ சோங்ரியிலோ ஒரு நாள் கூடுதலாகத் தங்குகின்றனர். அந்நாளை வீண் என்று கருதி நீக்கும் பயணத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்தல் கூடாது.

நான்காம் படி: பனியாறுகளைக் கடக்கும் வழிகளும் 6,000 மீட்டரை எட்டும் சிகரங்களும் இதில் அடங்கும். குல்லூவையும் சுபிதியையும் இணைக்கும் பின் பார்வதிக் கணவாயின் உயரம் 5,319 மீட்டர். இங்கெல்லாம் நடை மட்டும் போதாது. கயிறு கட்டி ஏறவும், பனிக்கோடரி பிடிக்கவும், காலணியில் இரும்புமுள் பூட்டி நடக்கவும் கற்றிருக்க வேண்டும். இவற்றைக் கற்பிக்க நாட்டில் சிறந்த நிறுவனங்கள் உள்ளன. டார்ஜிலிங்கில் 1954ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இமயமலை மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனமும், மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் குறிப்பிடத்தக்கவை. அங்கே சேர வயது வரம்பும் உடற்தகுதியும் உண்டு. பள்ளி மாணவர் இப்படியை அவசரப்படாமல் காத்திருந்து ஏற வேண்டும்.

6. உயரத்துடன் எண்ண வேண்டியவை

ஒரே மலை எல்லா மாதங்களிலும் ஒரே மலையாக இருப்பதில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 7 பாகை செல்சியசு குறையும். உத்தராகண்டின் கேதார்காந்தா ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுடையது. ஏப்ரல் இறுதியில் அங்கே செல்வோர் பெரும்பாலும் மண்பாதையில் நடப்பர். திசம்பரிலும் சனவரியிலும் செல்வோர் உறைபனியில் கால் புதைய ஏறுவர். எண் ஒன்றே, பட்டறிவு வேறு. பூக்களின் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவோ சூன் முதல் அக்டோபர் வரையே திறந்திருக்கும். பூக்கள் மிகுந்து மலரும் மாதங்கள் மழைமாதங்களே. அப்போது சாலைகளில் மண்சரிவும் மிகும்.

பருவம் நல்லதாயினும் வானம் திடீரென மாறலாம். 2024ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில், உத்தராகண்டின் சஹஸ்திரதால் என்னும் மலை ஏரிக்குச் சென்ற 22 பேர் கொண்ட குழு கடுங்காற்றிலும் பனியிலும் சிக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து சென்றவர்கள். 9 பேர் உயிரிழந்தனர், ஏனையோர் மீட்கப்பட்டனர். கோடையின் நடுவிலும் 4,000 மீட்டருக்கு மேல் குளிர் உயிரைக் கொல்லும் என்பதற்கு அத்துயரம் சான்றாயிற்று. எந்தப் பருவத்தில் சென்றாலும் நனையாத மேலாடை, கம்பளியாடை, தலைக்குல்லாய், கையுறை ஆகியவற்றைத் தோளில் சுமந்தே செல்ல வேண்டும். கோவேறு கழுதையின் சுமையில் வைத்துவிட்டு நடத்தல் கூடாது.

அடுத்து, வழி திறந்துள்ளதா என்று கேட்க வேண்டும். இமயத்தில் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலுள்ள புல்வெளிகளைப் புக்யால் என்பர். மக்கள் கூட்டம் கூட்டமாகக் கூடாரமிட்டதால் அவை சிதைந்தன. 2018ஆம் ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அப்புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடை செய்தது. லடாக்கின் 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்கிரிச் சிகரம், சூழலைக் காக்கும் பொருட்டு 2020ஆம் ஆண்டு முதல் மூடப்பட்டது. மலைக்குத் தீங்கு செய்யாத பயணமே நல்ல பயணம்.

பயணத்தை உறுதி செய்வதற்கு முன் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய வினாக்கள் இவை:

• ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரம் என்ன?
• உடல் பழகுவதற்கென ஒதுக்கிய நாள் உண்டா?
• நோயுற்றால் எவ்வழியே, எத்தனை மணி நேரத்தில் ஊர்திச் சாலையை அடையலாம்?
• ஒருவர் இறங்க நேர்ந்தால் அவருடன் இறங்கத் தனி வழிகாட்டி உண்டா?
• முதலுதவி அறிந்தவர் குழுவில் எத்தனை பேர்?

இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தராதவருடன் செல்லாதிருப்பதே நன்று.

7. படிப்படியாக ஏறியவர்

2014ஆம் ஆண்டு மே 25 அன்று மாலாவத் பூர்ணா என்னும் மாணவி எவரெஸ்டின் உச்சியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 13 ஆண்டும் 11 மாதமும். தெலங்கானாவின் நிசாமாபாத் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, அரசின் சமூகநல உண்டுறைப் பள்ளியில் பயின்றவர் அவர். இத்தனை இளம் வயதில் இவ்வுயரமா என்று உலகம் வியந்தது. ஆனால் அவர் முதலில் ஏறியது எவரெஸ்டில் அன்று. ஐதராபாத்தை அடுத்த போங்கீர்ப் பாறையில் ஏறிப் பழகினார். பின்னர் டார்ஜிலிங்கில் பயிற்சி பெற்றார். அதன் பின் லடாக்கின் குளிரில் பழகினார். இத்தனைக்கும் பிறகே எவரெஸ்டை நோக்கிச் சென்றார்.

1984ஆம் ஆண்டு மே 23 அன்று எவரெஸ்டை அடைந்த முதல் இந்தியப் பெண்ணாகிய பச்சேந்திரி பாலும், உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்தில் பயின்ற பின்னரே பெருஞ்சிகரங்களை நாடினார். இவர்களின் வெற்றியைச் செய்தியாகப் படிப்போர் கடைசிப் படியை மட்டும் காண்கின்றனர். அதற்குக் கீழேயுள்ள படிகளையும் காண்போரே அவர்களைப் பின்பற்ற வல்லவர்.

8. இறங்கத் தெரிந்தவர்

மலைப்பயணத்தில் பாதி ஏற்றம், பாதி இறக்கம். உச்சியை அடைந்தவரின் உடலில் இறங்குவதற்குரிய வலிமை எஞ்சியிருக்க வேண்டும். உச்சியில் நிழற்படம் எடுத்ததும் பயணம் முடிந்துவிடுவதில்லை. வீட்டு வாயிலில் காலணியைக் கழற்றும்போதே முடிகிறது. ஆதலால் மலையேறுவோர், இன்ன நேரத்திற்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிடுவது என்று புறப்படும்போதே முடிவு செய்துகொள்கின்றனர். களைத்த மனம் உயரத்தில் சரியாக எண்ணாது. அதனால் முடிவைக் கீழேயே எடுத்துவிடுகின்றனர்.

பாதி வழியில் திரும்பிய மாணவர் தோற்றவர் ஆகார். எந்த உயரத்தில் தலை வலித்தது, எத்தனை மணி நேரம் நடந்தபின் கால்கள் தளர்ந்தன, எந்தக் குளிரில் உறக்கம் கெட்டது ஆகியவற்றை அவர் அறிந்து வந்துள்ளார். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த மலையைத் தேர்ந்தெடுக்க அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை. மலை அங்கேயே இருக்கும். அடுத்த ஆண்டும் ஏறலாம்.

சொற்பொருள்

பட்டறிவு – தாமே செய்து பெற்ற அறிவு, அனுபவம்
தினைப்புனம் – தினை விளையும் மலைநிலம்
கணவாய் – இரு மலைகளுக்கு இடையே கடந்து செல்லும் வழி
பனியாறு – மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்
உண்டுறைப் பள்ளி – மாணவர் தங்கி உண்டு பயிலும் பள்ளி
ஊர்தி – வாகனம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உயரே செல்லும்போது குறைவது எது? குறையாதது எது?
2. சிகரத்தில் ஏறுவதற்கும் கணவாயைக் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. சந்தக்பூவுக்குச் செல்லும் ஊர்திச் சாலையால் விளையும் நன்மை ஒன்றும் இடர் ஒன்றும் கூறுக.

ஆ. எண்ணிப் பார்த்து எழுதுக.
கற்பனையான ஒரு பயணத்தில் உறங்கும் இடங்களின் உயரம் பின்வருமாறு:
முதல் இரவு – 2,400 மீட்டர்
இரண்டாம் இரவு – 3,000 மீட்டர்
மூன்றாம் இரவு – 3,400 மீட்டர்
நான்காம் இரவு – 4,200 மீட்டர்
ஐந்தாம் இரவு – 4,500 மீட்டர்
எந்த இரவில் 500 மீட்டர் விதி மீறப்படுகிறது? ஓர் இரவைக் கூடுதலாகச் சேர்த்து இத்திட்டத்தைத் திருத்தி எழுதுக.

இ. உரையாடல் எழுதுக.
மலைக்கூடாரத்தில் ஒரு மாணவிக்குத் தலை வலிக்கிறது. அவள் அதை ஆசிரியரிடம் சொல்லத் தயங்குகிறாள். அவளுக்கும் அவள் தோழிக்கும் இடையே நடக்கும் உரையாடலைப் பத்துத் தொடர்களில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
நீவிர் வாழும் நகரம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது? உம் பெற்றோரின் சொந்த ஊர் எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது? இதுவரை நீவிர் உறங்கிய இடங்களுள் மிக உயரமானது எது? மூன்றையும் கண்டறிந்து எழுதி, இப்பாடத்தில் கூறிய நான்கு படிகளுள் எதில் தொடங்குவது தக்கது என்று காரணத்துடன் விளக்குக.